ஐயெல்ட்ஸ் வாசிப்பு: ஃபோல்ஸா, நொட் கிவனா?

ஐயெல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சையின் வாசிப்புப் பகுதியில் மூன்றாவது பந்திக்குப் போகும்போது நேரம் முடிந்துவிடுகிறது, ஃபோல்ஸும் (பந்தி மறுப்பது) நொட் கிவனும் (பந்தியில் சொல்லாதது) குழம்புகின்றன என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளவத்தையில் வகுப்புக்குப் போன காலத்தில் எனக்கும் இதே கதைதான்.

குழப்பத்துக்குக் காரணம் ஆங்கிலம் இல்லை, நமக்குத் தெரிந்ததைப் பந்திக்குள் கொண்டுபோவதுதான். இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: காலி முகத்திடல் நடைபாதையை ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார் என்று பந்தி சொல்கிறது. ‘வேலை ஒரே வருடத்தில் முடிந்தது’ என்றால் ஃபோல்ஸ், பந்தியே மறுக்கிறது. ‘நிறையச் செலவானது’ என்றால் நொட் கிவன். செலவாகியிருக்கும்தான், ஆனால் பந்தி வாயே திறக்கவில்லையே! பிழை என்று காட்ட ஒரு வரியில் விரல் வைக்க முடியாவிட்டால் ஃபோல்ஸ் போடாதீர்கள்.

நேரம்: 60 நிமிடம், 40 கேள்வி. முதல் பந்தி பெரும்பாலும் இலகு, அதை 15 நிமிடத்தில் முடியுங்கள். அப்புறம், கணினியில் இல்லாமல் தாளில் எழுதினாலும் விடைகளை விடைத்தாளில் பெயர்த்தெழுத வாசிப்புப் பகுதியில் தனி நேரம் தரமாட்டார்கள். எனக்கு ஒருமுறை ஆறு விடை கேள்வித்தாளிலேயே தங்கிவிட்டது.