நாட்டின் போட்டித்திறனுக்காக இயங்கும் லாப நோக்கற்ற அமைப்பு என்றால் என்ன?

ஒரு நாட்டின் பொருள்கள் உலகச் சந்தையில் தரத்தாலும் விலையாலும் நிலைக்கவும், உழைப்பவரின் வருமானம் உயரவும் செய்ய வேண்டியவற்றை ஆராய்ந்து அரசுக்கும் தொழில்துறைக்கும் எடுத்துரைக்கும் அமைப்பு இது. 1986-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட போட்டித்திறன் மன்றத்தில் நிறுவனம், பல்கலைக்கழகம், தொழிற்சங்கம் ஆகியவற்றின் தலைவர்கள் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். ஏனெனில் சாலை, பயிற்சி, ஆராய்ச்சி போன்ற பொதுத் தேவைகளை எந்த நிறுவனமும் தனியாக நிறைவேற்றிக்கொள்ள இயலாது.

குன்னூர்த் தேயிலை ஏலத்தைக் கவனிப்பவருக்கு இது எளிதில் விளங்கும்: ஒரு சிறு விவசாயி இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துப் பறித்தாலும், பக்கத்துத் தோட்டத்தின் முற்றிய இலை தொழிற்சாலையில் அதோடு கலந்துவிட்டால், தூளின் தரம் குறைந்து இருவருக்குமே விலை இறங்கும். (கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கோத்தகிரிப் பக்கம் கேட்டுப் பாருங்கள்.)

லாப நோக்கற்றது என்பதால் அதற்கு வருமானமே இராது என்று பலர் எண்ணுவது தவறு. சந்தாவும் நன்கொடையும் வரும், ஆனால் மிஞ்சும் பணத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது.