ஸ்கூல்ல ஸ்பீச் தெரபிஸ்ட்டா வேலை பார்க்கிறது எப்படி இருக்கும்? கிளினிக்கை விட ஈஸியா?

பி.ஏ.எஸ்.எல்.பி, அதாவது பேச்சு, காது கேக்குற திறன் பத்தின டிகிரி, கடைசி வருஷம் படிக்கிறீங்க, ஸ்கூல் வேலைன்னா லீவு ஜாஸ்தி டென்ஷன் கம்மின்னு சீனியர்ஸ் சொல்றாங்க, நிஜமான்னு கேட்டிருக்கீங்க. லீவு நிஜம்தான். டென்ஷன் கம்மின்னு சொன்னவங்க ஸ்கூல்ல வேலை பார்த்திருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். நான் முதல்ல ஒரு ஆஸ்பத்திரில இ.என்.டி டிபார்ட்மென்ட்ல இருந்துட்டு அப்புறம் ஸ்கூலுக்கு வந்தவ, பெரும்பாலும் திருச்சி தஞ்சாவூர் பக்கம் தனியார் ஸ்கூல்கள்தான், அதனால நான் சொல்றதை அந்த அளவுல எடுத்துக்கோங்க.

கிளினிக்குக்கு ஒரு பிள்ளை வருதுன்னா அம்மா அப்பா வீட்டுல நாலு நாள் பேசி, பாட்டிகிட்ட திட்டு வாங்கி, ஒரு முடிவுக்கு வந்து கூட்டிட்டு வர்றாங்க. ஸ்கூல்ல அப்படி இல்ல, யாரை உங்ககிட்ட அனுப்பணும்னு டீச்சர்தான் முடிவு பண்றாங்க, டீச்சர் காதுல எது உறுத்துதோ அது மட்டும்தான் உங்க ரூமுக்கு வரும். ர வராத பையன், திக்குற பையன், மூக்கால பேசுற பாப்பா, "இது பேசுறது பாதி புரியல மிஸ்"னு ஒண்ணு ரெண்டு. ஆண்டு விழாவுக்கு முன்னாடி இந்த லிஸ்ட் திடீர்னு நீளும், ஏன்னா யாரோ ஒரு பிள்ளைக்கு வரவேற்புரை குடுத்திருப்பாங்க. ஆனா பேச்சு தெளிவா இருந்து மொழி புரியாத பிள்ளைன்னு ஒண்ணு இருக்கு, அது கடைசி பெஞ்சுல சத்தமே இல்லாம உட்கார்ந்திருக்கும், அதை யாருமே அனுப்ப மாட்டாங்க. என்னைக் கேட்டா அந்தப் பிள்ளையைத் தேடிப் பிடிக்கிறதுதான் ஸ்கூல் வேலையே, மத்ததை கிளினிக்லயும் பார்த்துக்கலாம்.

ஒரு பையனைப் பத்தி சொல்றேன், மூணாம் கிளாஸ். கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும், போர்டுல இருக்கிறதை ஒரு புள்ளி விடாம எழுதிடுவான், மிஸ் அவனை "சமத்து, ஆனா மக்கு"ன்னு என் முன்னாடியே சொன்னாங்க. நான் வேற ஒரு பிள்ளையைப் பார்க்கத்தான் அந்த கிளாஸ்ல போய் உட்கார்ந்தேன். மிஸ் "நோட்டை எடுக்கிறதுக்கு முன்னாடி புக்கை மூடி வைங்க"ன்னாங்க, இவன் உடனே நோட்டை எடுத்துட்டு பக்கத்துப் பையன் என்ன பண்றான்னு பார்த்தான், பார்த்துட்டு புக்கை மூடினான். அந்த ஒரு செகண்ட் பார்வைதான். அப்புறம் கவனிச்சா ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல பார்த்துதான் பண்றான், அதுல ரொம்ப கெட்டிக்காரன் வேற, மாட்டிக்கவே மாட்டான்.

ரூமுக்குக் கூட்டிட்டு வந்து ரெண்டு படம் வெச்சேன், ஒண்ணுல பையன் பாப்பாவைத் தள்ளுறான், இன்னொண்ணுல பாப்பா பையனைத் தள்ளுறா. "பையனை பாப்பா தள்ளுறா, எந்தப் படம்?"னு கேட்டா பையன் தள்ளுற படத்தைக் காட்டுறான். அந்த "ஐ" அவனுக்குக் காதுல விழுது, ஆனா அதுக்கு ஒரு வேலை இருக்குன்னு தெரியல, முதல்ல யார் பேர் வருதோ அவங்கதான் செஞ்சாங்கன்னு எடுத்துக்கிறான். "மீனைப் பூனை சாப்பிடுது"ன்னா மட்டும் கரெக்டா காட்டுவான், ஏன்னா மீன் பூனையைத் திங்காதுன்னு தெரியும், மொழி கைவிட்ட இடத்துல உலக அறிவு தூக்கி விட்டுடுது. இதனாலதான் இந்தப் பிள்ளைங்க வீட்டுலயும் மாட்ட மாட்டாங்க, வீட்டுல எல்லாமே தெரிஞ்ச விஷயம்தான். மூணாம் கிளாஸ் சயின்ஸ் புக்ல தெரியாத விஷயத்தைத் தெரியாத வாக்கியத்துல சொல்லுவாங்க பாருங்க, அங்கதான் விழுவாங்க. "முன்னாடி"ங்கிறதும் இதே கதைதான், "சாப்பிடுறதுக்கு முன்னாடி கை கழுவு"ன்னு தமிழ்ல சொல்லும்போது சாப்பாடு முதல்ல காதுல விழுந்துடுது.

இதுக்கு டெவலப்மென்டல் லாங்குவேஜ் டிஸார்டர்னு பேர், சுருக்கமா டி.எல்.டி, நீங்க படிச்சிருப்பீங்க. இங்கிலாந்துல சர்ரே கவுன்ட்டில ஸ்கூல் சேர்ற வயசுப் பிள்ளைங்களை வெச்சு 2016ல வந்த ஆய்வுல வேற எந்தக் காரணமும் இல்லாம மொழில மட்டும் சிக்கல் உள்ளவங்க 7 சதவீதத்துக்கு மேலன்னு சொன்னாங்க, அதாவது 30 பேர் கிளாஸ்ல ரெண்டு பேர். நம்ம ஊர்ல கிளாஸ் 45 பேர், கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. ஆனா டீச்சர்ஸ் ரூம்ல ஆட்டிஸம் தெரியும், டிஸ்லெக்ஸியா தெரியும், இதைச் சொன்னா "அப்படியா மிஸ்"னு காபி குடிக்கப் போயிடுவாங்க.

அந்தப் பையனுக்கு நான் பண்ணதுல பாதிக்கு மேல டீச்சர்கிட்ட பண்ணதுதான். செய்ய வேண்டிய வரிசைலயே சொல்லுங்க மிஸ், முதல்ல புக்கை மூடு, அப்புறம் நோட்டை எடு, அவ்வளவுதான். "புரிஞ்சுதா?"ன்னு மட்டும் கேக்காதீங்க, மண்டையை ஆட்டிடுவான், "நான் என்ன சொன்னேன் சொல்லு"ன்னு கேளுங்க. புதுப் பாடம் ஆரம்பிக்க முந்தின நாள் அதுல வர்ற வார்த்தைங்களை என்கிட்ட குடுங்க, நான் அவன்கூட விளையாடி வெச்சிடுறேன். ரூம்ல நாங்க பொம்மை வெச்சு யார் யாரைத் தள்ளினதுன்னு மாத்தி மாத்தி விளையாடுவோம், அவன் சொல்லணும் நான் செய்யணும், அவன் தப்பா சொன்னா நான் தப்பான பொம்மையைத் தள்ளுவேன், அவனுக்கு அதுல செம ஜாலி. வருஷக் கடைசில மிஸ் வந்து "இப்பல்லாம் நடுவுல நடுவுல கையைத் தூக்கி என்ன சொன்னீங்கன்னு கேக்குறான், வாயாடி ஆயிட்டான்"னு கம்ப்ளெயின்ட் பண்ணாங்க. எனக்கு இன்க்ரிமென்ட் வந்த சந்தோஷம்.

ஒரு விஷயம், கவனிக்கல, சொன்னா கேக்கல, பேச்சு தெளிவில்லன்னு யாரை அனுப்பினாலும் முதல்ல காது. ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேக்குதுன்னு பார்க்குற டெஸ்ட், அது இல்லாம ஒண்ணும் ஆரம்பிக்காதீங்க. அடிக்கடி சளி பிடிச்சு காதுக்குள்ள தண்ணி கட்டின பிள்ளை, காதுல சீழ் வடியுற பிள்ளை, ஒரு காது மட்டும் கேக்காத பிள்ளை, எல்லாம் "அடங்காப்பிடாரி" லிஸ்ட்லதான் இருக்கும். சின்ன வயசுலயே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேக்குறதுக்காக ஆபரேஷன் பண்ணி உள்ள வெக்கிற கருவி) பண்ண பிள்ளைங்களும் இப்ப சாதாரண ஸ்கூலுக்கு வர்றாங்க, ஃபேன் சத்தத்துல பேச்சு சரியா கேக்காது, அவங்களை அதுக்குக் கீழ உட்கார வெக்காதீங்கன்னு சொல்றதுக்கே ஒரு டேர்ம் ஆகும்.

இன்னொரு பக்கம், தேவையே இல்லாம வர்ற கேஸ். ழ வரலன்னு யூ.கே.ஜி பிள்ளையை அனுப்புவாங்க. ர, ற, ழ எல்லாம் தமிழ்ப் பிள்ளைங்களுக்குக் கடைசியா வர்ற சத்தங்கள், அவசரப்பட வேண்டியதில்ல, அதோட மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம்னா வீட்டுல தாத்தாவுல இருந்து எல்லாருமே வாளப்பளம்தான் சாப்பிடுறாங்க, அது அந்த ஊர்ப் பேச்சு, அதுக்கு நான் என்ன தெரபி குடுக்க? அதே மாதிரி பிள்ளை "வந்துச்சு"ன்னு சொன்னா "வந்தது" சொல்லலன்னு டெஸ்ட்ல மார்க் குறைக்காதீங்க, அது தப்பில்ல, பேச்சுத்தமிழ்.

திக்குற பிள்ளைங்களுக்கு ஸ்கூல்தான் நிஜ இடம். ரூம்ல என்கூட அழகா பேசிட்டு அட்டென்டன்ஸ்ல "பிரசன்ட் மிஸ்" சொல்ல முடியாம வேர்த்துப் போற ஏழாம் கிளாஸ் பொண்ணு இருந்துச்சு, தன் பேர் வர்றதுக்கு முன்னாடி எத்தனை பேர்னு மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருக்குமாம், முதல் பீரியட்ல பாடமே ஏறாது. டீச்சர்கிட்ட பேசி எல்லாருக்குமே கை தூக்கினா போதும்னு ஆக்கினோம், அவளுக்கு மட்டும்னு செஞ்சா இன்னும் மோசம். பிரேயர்ல குறள் சொல்ற முறை வந்தப்ப ஃப்ரெண்டு ஒருத்தியோட சேர்ந்து சொல்ல வெச்சோம், கூட ஒரு குரல் சேர்ந்தா திக்கல் பெரும்பாலும் நின்னுடும், பாட்டு பாடும்போதும் அப்படித்தான். அது ட்ரீட்மென்ட் இல்ல, ஆனா மேடையில ஏறி இறங்கினவன்னு ஒரு நினைப்பு வேணும்ல. "நிதானமா பேசு, மூச்சு விட்டுப் பேசு"ன்னு சொல்றதை டீச்சர்ஸ் நிறுத்தினாலே பாதி புண்ணியம்.

பெற்றோர் கிட்ட வருவோம். எல்.கே.ஜி பிள்ளை பேசலன்னா ஸ்கூல்ல முதல் அட்வைஸ் "வீட்டுல இங்கிலீஷ்ல பேசுங்க மேடம்". பாவம் அந்த அம்மா எட்டாவது படிச்சவங்க, பிள்ளைகிட்ட "கம், சிட், ஈட், வாட்டர் ட்ரிங்க்"னு நாலே வார்த்தைல நாள் முழுக்க ஓட்டுறாங்க. தமிழ்ல பேசினா சமையல் பண்ணும்போதே கதை, திட்டு, கொஞ்சல்னு எவ்வளவு வார்த்தை பிள்ளை காதுல விழும்! ரெண்டு மொழி கேக்குறதால பேச்சு தாமதமாகாது, இதுல ஆய்வுகள் தெளிவாவே இருக்கு. நான் தமிழ்லயே பேசுங்கன்னு சொன்னா கரெஸ்பாண்டன்ட் ரூம்ல இருந்து கூப்பிட்டு விடுவாங்க. ஒரு ஸ்கூல்ல இதுக்காகவே எனக்கு முட்டிக்கிச்சு, கடைசில நான்தான் வெளிய வந்தேன்.

வசம்பு தேய்க்கிறது, நாக்குக்கு அடியில வெட்டி விடணும்ங்கிறது, அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினாருங்கிறது எல்லாம் உங்களுக்கும் வரும். எங்க பக்கம் சீர்காழி கிட்ட திருக்கோலக்கா கோயிலுக்குக் கண்டிப்பா போயிட்டு வந்திருப்பாங்க, சம்பந்தருக்குக் குடுத்த பொற்றாளத்துக்கு ஓசை குடுத்த அம்மன், ஓசை கொடுத்த நாயகின்னே பேரு, பேச்சு வராத பிள்ளைங்களுக்கு அங்க வேண்டிக்கிறது வழக்கம். நான் ஒருநாளும் போகாதீங்கன்னு சொன்னதில்ல, போற பஸ்ல பிள்ளையை ஜன்னல் பக்கம் உட்கார வெச்சு தெரியறதெல்லாம் பேசிட்டுப் போங்கன்னு மட்டும் சொல்லுவேன், போனைக் குடுத்துடாதீங்கன்னு.

கவர்ன்மென்ட் ஸ்கூல் நிலவரம் வேற. அங்க சமக்ர சிக்ஷாங்கிற அரசுப் பள்ளிக்கல்வித் திட்டம் மூலமா வட்டார வள மையத்துல இருந்து சிறப்புப் பயிற்றுநர்கள் வருவாங்க, ஒவ்வொருத்தரும் பல ஸ்கூல் சுத்துவாங்க, பஸ் வசதி இல்லாத ஊருக்குக்கூட டூவீலர்ல போறவங்களைப் பார்த்திருக்கேன். ஸ்பீச் தெரபிஸ்ட் அங்க ரொம்ப அபூர்வம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல சொல்ற 21 வகைல பேச்சு, மொழிக் குறைபாடும் ஒண்ணுதான், ஆனாலும் நடைமுறைல கண்ணுக்குத் தெரியுற குறைபாட்டுக்குத்தான் ஆள் வருது. பத்தாவது வந்தப்புறம் எக்ஸ்ட்ரா ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுறவர், மொழிப்பாட விலக்குன்னு சலுகைக்கு ஓடி வருவாங்க, அந்தப் பேப்பர் வேலையும் பாதி உங்க தலையிலதான் விழும்.

சில்லறை விஷயங்கள். ரூம்னு தனியா இருக்காது, ஸ்போர்ட்ஸ் சாமான் வெக்கிற இடத்துல ஒரு டேபிள் போட்டுத் தருவாங்க, பக்கத்துல பேண்டு ப்ராக்டிஸ் நடக்கும். பி.டி பீரியட்ல மட்டும் பிள்ளையைக் கூப்பிடாதீங்க, ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாங்க. தெரபிஸ்ட் லீவுன்னா பரவால்ல, ஆனா டீச்சர் லீவுன்னா சப்ஸ்டிட்யூஷன் உங்களுக்குத்தான். தொண்டை கட்டிப் போய் டீச்சர்ஸே வரிசையா வருவாங்க, விரட்டாதீங்க, நாள் பூரா கத்தி கத்தி வோக்கல் கார்டுல முடிச்சு விழுந்தவங்க நிறைய, அவங்களுக்குத் தண்ணி குடிக்க, கத்தாம கிளாஸை அடக்க நாலு வழி சொல்லிக் குடுத்தீங்கன்னா அப்புறம் நீங்க சொல்றதை அவங்க கிளாஸ்ல செய்வாங்க. இது நான் கண்ட பெரிய ரகசியம்.

படிக்கலாமான்னு யோசிக்கிற மத்தவங்களுக்கு: ப்ளஸ் டூ சயின்ஸ் முடிச்சு நாலு வருஷம், அதுல கடைசி வருஷம் இன்டர்ன்ஷிப், மைசூர் ஆயிஷ்ல (அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம்) இருந்து சென்னைல ராமச்சந்திரா, மெர்ஃப்னு இடங்கள் இருக்கு. முடிச்சு ஆர்.சி.ஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலோட ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் வாங்காம பிராக்டிஸ் பண்ணக்கூடாது, சட்டப்படி குற்றம். மூணு மாச சர்ட்டிபிகேட் கோர்ஸ்னு எவனாவது வந்தா நம்பாதீங்க.

கேட்டவங்களுக்கு, முதல் வேலையே ஸ்கூல்னு போகாதீங்க, ஒரு ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரிலயோ நல்ல சென்டர்லயோ இருந்துட்டு வாங்க, ஸ்கூல்ல சந்தேகம் கேக்க உங்களுக்கு ஆளே கிடையாது, நீங்க ஒருத்தர்தான். இன்டர்வியூல ரெண்டு கேள்வி நீங்க கேளுங்க. கிளாஸ்குள்ள போய் உட்கார அனுமதி உண்டா? "உங்க ரூம்லயே பாருங்க மேடம், கிளாஸ் டிஸ்டர்ப் ஆகும்"னு சொன்னா வேற ஸ்கூல் பாருங்க. இன்னொண்ணு, மே மாசம் சம்பளம் உண்டா, அதை ஆர்டர்ல எழுதித் தருவீங்களா? நீங்க டீச்சிங் ஸ்டாஃபா நான்-டீச்சிங்கான்னு நிறைய ஸ்கூல்ல அவங்களுக்கே தெரியாது, ஏப்ரல் கடைசில அக்கவுன்ட்ஸ் செக்ஷன்ல போய் நின்னாதான் தெரிய வரும்.