பழைய லைட்ரூம் கோப்புகளை நீக்கலாமா?

கேள்வி: பல ஆண்டுகளாக லைட்ரூம் கிளாசிக் என்ற படத்திருத்த மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். கணினியில் இடம் தீர்ந்துவிட்டது. அதன் பழைய கோப்புகளை நீக்கினால் படங்களில் செய்த திருத்தங்கள் போய்விடுமா?

பதில்: எதை நீக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் திருத்தங்கள் ‘கேட்டலாக்’ என்ற பட்டியல் கோப்பில் இருக்கின்றன. 2021இல் வந்த 11ஆம் பதிப்பு முதல், அதே பெயரில் ‘டேட்டா’ என முடியும் இன்னொரு கோப்பும் மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தத் தேர்ந்தெடுப்பது) விவரங்களைத் தாங்கி அதன் அருகிலேயே இருப்பதால், இவ்விரண்டையும் தயவுசெய்து தொடாதீர்கள். பெரும்பாலும் அதிக இடத்தை அடைப்பது, முன்னோட்டப் படங்கள் உள்ள ‘பிரீவியூஸ்’ கோப்புறைதான். மென்பொருளை மூடிவிட்டு அதை நீக்கினால், மூலப்படங்கள் கைவசம் இருக்கும்வரை லைட்ரூம் அதை மீண்டும் உருவாக்கிக்கொள்ளும், தொடக்கத்தில் சற்று மெதுவாக இயங்குவதைத் தவிர வேறு இழப்பில்லை. ஆனால் மூலப்படம் இல்லாமலே திருத்த உதவும் சிறிய பிரதிகளான ‘ஸ்மார்ட் பிரீவியூஸ்’ என்பதை விட்டுவையுங்கள். மூலப்படம் தொலைந்துபோன நிலையில் உங்களிடம் எஞ்சியிருப்பது அது மட்டுமாகவே இருக்கக்கூடும்.

பதிப்பு மாறியபோது தங்கிவிட்ட பழைய கேட்டலாக்குகளையும், ‘பேக்கப்ஸ்’ கோப்புறையில் குவிந்துள்ள பழைய பிரதிகளையும், இப்போதைய கேட்டலாக் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்து, அண்மைய இரண்டு மூன்று பிரதிகளை வெளி வட்டில் சேமித்த பிறகே அகற்றுங்கள். படங்களை விரைவாகத் திறக்கத் தற்காலிகமாகச் சேமிக்கப்படும் கேமரா ரா கேஷை ‘பெர்ஃபார்மன்ஸ்’ அமைப்பில் உள்ள ‘பர்ஜ்’ பொத்தானால் அழிக்கலாம்.