சிவப்பு பாண்டா கையைத் தூக்கினால் என்ன அர்த்தம்?

கேள்வி: மே மாதம் குழந்தைகளோடு டார்ஜிலிங் போகிறோம். அங்குள்ள பூங்காவில் சிவப்பு பாண்டாவைப் பார்க்க மகளுக்கு ஆசை. பகலெல்லாம் தூங்குமாமே, எப்போது போகலாம்? வெளிநாட்டு வீடியோக்களில் பார்வையாளர்கள் கையாலேயே பழம் ஊட்டுகிறார்கள். அதுவும் எழுந்து நின்று கையைத் தூக்குகிறது. இங்கே அப்படி விடுவார்களா?

பதில்: விடமாட்டார்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம், முதலில் நேரம். பத்மஜா நாயுடு இமாலய விலங்கியல் பூங்காவுக்கு வியாழக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் கதவு திறந்ததும் நேராகப் பாண்டா இருக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். அதே வளாகத்திலுள்ள மலையேற்ற அருங்காட்சியகம் எங்கும் ஓடிப்போகாது. பாண்டா சுறுசுறுப்பாக நடமாடுவது காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான்.

நடுப்பகல் ஆகிவிட்டால் தரையில் தேடாமல் மரக்கவட்டைகளை அண்ணாந்து பாருங்கள். வெயிலில் கிளைமேல் குப்புறப் படுத்துக் கால்களைத் தொங்கவிட்டிருக்கும். குளிரில் வாலால் முகத்தை மூடிச் சுருண்டிருக்கும். பெரும்பாலும் வளையம் போட்ட வால்தான் முதலில் கண்ணில் படும்.

அதை எழுப்பக் கைதட்ட வேண்டாம். ஊனுண்ணிகளின் எளிய குடலை வைத்துக்கொண்டு மூங்கில் தின்று வாழும் பிராணி இது. தின்னும் இலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் செரிக்கும். அதனால் நாளுக்கு ஒன்றிரண்டு கிலோ இலையை மென்றுவிட்டு, மீதி நேரம் ஆற்றலைச் சேமிக்கத் தூங்கியாக வேண்டும். திடீர்ச் சத்தம் தூக்கத்தைக் கெடுப்பதோடு நிற்காமலும் போகலாம். 2024 நவம்பரில் எடின்பரோ பூங்காவில் மூன்று மாதக் குட்டி ஒன்று வாந்தி தொண்டையில் அடைத்து இறந்தது; பட்டாசுச் சத்தத்தின் அதிர்ச்சி காரணமாக இருக்கலாம் என்று அங்குள்ள கால்நடை மருத்துவர்கள் கருதினார்கள்.

இனி, கையைத் தூக்கும் விஷயம். ஜப்பானின் சிபா பூங்காவில் ஃபூதா என்ற பாண்டா 2005-இல் இரண்டு காலில் நின்றே நாடறியப் புகழ்பெற்றது. எட்டிப் பார்க்கவோ உணவை எடுக்கவோ நிற்பது சாதாரணம். ஆனால் எதையாவது கண்டு மிரண்டு நின்று, முன்னங்கால்களை உயர்த்தினால் அது மிரட்டல்: தன்னைப் பெரிதாகக் காட்டுகிறது, அடுத்து நகங்கள் வேலை செய்யும். கூடவே தலையை வெட்டி வெட்டி ஆட்டினாலோ உஸ்ஸென்று மூச்சுவிட்டாலோ சந்தேகமே வேண்டாம், மகளை அழைத்துக்கொண்டு பின்னால் நகருங்கள். வீடியோக்களில் இந்த வித்தியாசம் தெரியாமல் சிரிப்பவர்களே அதிகம்.

கையால் பழம் வாங்குவதையும் பாசமென்று எண்ண வேண்டாம். திராட்சைக்காக மனிதரைச் சகித்துக்கொள்கிறது, அவ்வளவே. நன்றாக நடத்தும் இடங்களில் பாண்டா தானாக வந்தால்தான் சந்திப்பு. நினைத்தபோது விலகிப் போக அதற்கு வழி திறந்திருக்கும். யாரும் தூக்க மாட்டார்கள். இனிப்புப் பழம் அளவு மீறினால் உடல் பருக்கும், பல் கெடும்.

டார்ஜிலிங்கில் இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பூங்கா இனப்பெருக்கம் செய்து காட்டில் விடும் வேலையில் இருக்கிறது; 2003-இல் இரண்டு பெண் பாண்டாக்களைச் சிங்காலிலா தேசியப் பூங்காவில் விட்டது. மனிதக் கையைக் கண்டதும் பழம் தேடி ஓடிவரும் பாண்டா காட்டில் பிழைக்காது. அதனால்தான் தோப்கே தாராவில் உள்ள இனப்பெருக்க மையத்துக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. ஜூன், ஜூலையில் குட்டி ஈனும் தாய் ஆளரவத்தில் மிரண்டால் குட்டிகளைக் கவ்விக்கொண்டு கூடு கூடாக அலையும். சில சமயம் கைவிட்டும்விடும்.

டார்ஜிலிங் தெருக்களில் நாய்கள் ஏராளம். குழந்தைகள் தடவாமல் இருக்க மாட்டார்கள். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் பாண்டாக்களைக் கொல்லும். வலுக்குறைத்த உயிர் வைரஸ் கொண்ட தடுப்பூசியாலேயே அந்நோய் வந்து இறந்த பாண்டாக்கள் உண்டு. ஆகவே பூங்காவுக்குக் கிளம்பும்முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். நாய் படுத்த இடத்தில் மிதித்த செருப்பையும் கழுவிவிடுங்கள். கேமராவில் ஃப்ளாஷ் வேண்டாம்.