மூன்று படமும் ஒரு கொத்தும்

வணக்கம் அண்ணா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நண்பர்கள் ஐந்தாறு பேர் ஒரு கொத்து ரொட்டிக் கடையில் கூடுவோம். எங்கே தொடங்கினாலும் கதை படத்தில்தான் போய் முடியும். போன கிழமை ஓவர்ரேட்டட், அண்டர்ரேட்டட் என்று தொடங்கி, பக்கத்து மேசைக்காரர் எழும்பி வந்து "தம்பிமார், கொஞ்சம் மெதுவா" என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. நான் சொன்னது இவ்வளவுதான். 'மெய்யழகன்' ஓவர்ரேட்டட், இரண்டு பேர் விடிய விடியக் கதைப்பதெல்லாம் ஒரு படமா? 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் அப்படித்தான், எங்கள் தமிழை ஒழுங்காகப் பேசாத படத்தை நாங்களே தலையில் தூக்கி வைத்து ஆடுகிறோம். 'கொட்டுக்காளி' அண்டர்ரேட்டட், எங்கள் கூட்டத்தில் என்னைத் தவிர ஒருத்தரும் அதை முழுதாகப் பார்க்கவில்லை. அப்போது ஒருத்தன் கேட்டான், "எதை வச்சடா அளக்கிறாய்?" எனக்குப் பதில் வரவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். ஒரு பந்தயமும் இருக்கிறது. மூன்றில் இரண்டிலாவது நீங்கள் என் பக்கம் என்றால் அடுத்த வெள்ளி கொத்து அவன் செலவு. இல்லாவிட்டால் என் செலவு.

பெயர் போட வேண்டாம்.

வெள்ளவத்தை வாசகர்

*

அன்பின் தம்பி,

பந்தயத்தைக் கடைசியில் பார்ப்போம். முதலில் உங்கள் நண்பர் கேட்ட கேள்வி. அவரைக் கைவிட்டுவிடாதீர்கள், கூட்டத்தில் அப்படி ஒரு ஆளாவது இருக்க வேண்டும்.

ஒரு படம் பிடிக்கவில்லை என்று சொல்ல "பிடிக்கவில்லை" போதும். ஓவர்ரேட்டட் என்று சொல்கிறபோது அதற்குள் இன்னொரு ஆள் ஒளிந்திருக்கிறான், அதை அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்தவன். நமக்குக் கோபம் அவன் மேல். அண்டர்ரேட்டட் என்றாலும் அதே கதைதான், "உங்களுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது" என்று நாலு பேருக்கு முன்னால் மரியாதையாகச் சொல்கிற வழி. (நானும் நிறையச் சொல்லியிருக்கிறேன்.) அதனால்தான் பக்கத்து மேசைக்காரர் எழும்பி வரும் அளவுக்குச் சத்தம் ஏறுகிறது. படத்தைப் பற்றி மட்டும் கதைத்தால் அவ்வளவு சத்தம் வராது.

கொழும்பில் நமக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. படம் நம்மிடம் வந்து சேரும் முன்பே அதன் மதிப்பெண் வந்துவிடுகிறது. சென்னையில் முதல் காட்சி விட்டதும் தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டுகிறார்கள், நாம் டிக்கெட் எடுக்கப் போகும்போது எந்தக் காட்சிக்குக் கை தட்ட வேண்டும், இரண்டாம் பாதியில் எங்கே கொட்டாவி விட வேண்டும் என்பது வரை தெரிந்துவிடுகிறது. 2024 நவம்பரில் 'கங்குவா' வந்த கையோடு, தியேட்டர் வளாகத்துக்குள் யூட்யூப்காரர்களை விடாதீர்கள் என்று தமிழ்ப் படத் தயாரிப்பாளர்கள் தரப்பே அறிக்கை விட்டது நினைவிருக்கும். அந்தக் கோரிக்கை எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் அவர்களுடைய பயம் பொய்யில்லை. நாம் படம் பார்க்கப் போவதே வேறொருவரின் தீர்ப்பைச் சரிபார்க்கத்தான் என்று ஆகிவிட்டது.

சரி, என் அளவுகோலின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். 'விக்ரம்' வந்தது 2022 ஜூன் மாதம். அந்த ஜூன் கொழும்பில் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெட்ரோல் வரிசையில் இரவு முழுக்க வாகனத்துக்குள் தூங்கிய காலம், வீட்டில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று நேர அட்டவணை வைத்திருந்த காலம். நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். குளிரூட்டிய இருட்டில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், கரண்ட் போகாத மூன்று மணி நேரம்! கடைசியில் சூர்யா வந்தபோது நானும் கத்தினேன் என்று நினைக்கிறேன். வெளியே வந்து தமிழில் இப்படி ஒரு படம் வந்ததே இல்லை என்று எழுதவும் செய்தேன். இரண்டு வருடம் கழித்து வீட்டு டிவியில் பார்த்தால், நல்ல விறுவிறுப்பான படம், துப்பாக்கிச் சத்தம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இதில் எது சரி? அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை. படத்தோடு சேர்த்து ஏசிக்கும் மதிப்பெண் போட்டேன், அது எனக்கே தெரியவில்லை.

இப்போது உங்கள் 'மெய்யழகன்'. படம் வந்தபோது மூன்று மணி நேரத்துக்கு மூன்று நிமிடம்தான் குறைவு. வெளியான சில நாளிலேயே 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். உங்களைப் போல நெளிந்தவர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம், ஆகவே நீங்கள் தனி ஆள் இல்லை. ஆனால் எனக்கு அந்தக் கதைப்புதான் படம். அரவிந்த்சாமிக்கு எதிரே இருப்பவனின் பெயர்கூட நினைவில் வரவில்லை, அவனோ இவரைத் தெய்வம் மாதிரி தாங்குகிறான், அந்தக் கூச்சத்தோடு ஒரு மனிதர் ஒரு இரவைக் கழிக்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் இந்த அவஸ்தையை அனுபவிக்காத தமிழன் இருக்கிறானா?

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். படத்தின் தொடக்கத்தில் 1996இல் சொத்துத் தகராறில் வீட்டை இழந்து அந்தக் குடும்பம் தஞ்சாவூரை விட்டுக் கிளம்பும். நான் அம்மாவோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சி ஓடும்போது அம்மா எழும்பி அடுப்படிக்குப் போனார், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது, நெடுநேரம் கேட்டது. நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தது 1995 ஒக்டோபர் கடைசியில், ஊரோடு ஊராக, அம்மா கையில் வீட்டுத் திறப்பு. திறப்பு இன்னும் அலுமாரியில் இருக்கிறது, வீடுதான் இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் படத்தின் முதல் அரை மணி நேரம் அதன் இயக்குநர் நினைத்தே பார்க்காத ஒரு படமாக ஓடியது. அதற்கான பெருமையை அவருக்குக் கொடுப்பதா என்று எனக்கும் குழப்பம்தான், இருந்தாலும் கொடுத்துவிட்டேன். மெய்யழகனில் நீங்கள் தோற்றீர்கள்.

'டூரிஸ்ட் ஃபேமிலி'க்கு வருவோம். தமிழ் சரியில்லை என்கிறீர்கள். சரியில்லைதான். எனக்குப் பின் வரிசையில் இரண்டு அன்ரிமார் இருந்தார்கள், சசிகுமார் வாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒருவர் திருத்தினார். "உது எந்த ஊர்த் தமிழ்?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கட ஊரும் இல்லை, மட்டக்களப்பும் இல்லை, உது கோடம்பாக்கம்" என்றார். அந்த வசனத்துக்கு விழுந்த சிரிப்பு படத்தில் எந்த வசனத்துக்கும் விழவில்லை. சென்னைக்காரர்களுக்கு இலங்கைத் தமிழ் என்றால் ஒரே தமிழ். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், கொழும்பு முஸ்லிம்கள் என்று எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கொத்தி எடுப்பார்கள். 2000இல் வந்த 'தெனாலி' முதல் இதே கதைதான்.

ஆனால் தம்பி, அந்தப் படத்தின் கதையே இலங்கையிலிருந்து கள்ளமாகச் சென்னைக்குப் போன ஒரு குடும்பம் தங்கள் தமிழை மறைக்க வேண்டும் என்பதுதானே? சென்னையில் வாயைத் திறந்தால் எங்கிருந்து வந்தவர்கள் என்று தெரிந்துவிடும், ஆகவே பக்கத்து வீட்டாரோடு பழகாதே, கதைக்காதே. நீங்கள் அப்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். 2007, 2008இல் காலி வீதியில் 100 பஸ்ஸில் போகும்போது கைத்தொலைபேசி அடித்தால் நான் எடுக்க மாட்டேன். எடுத்தால் "ஹலோ" வரைக்கும் பிரச்சினை இல்லை, அதற்கு அடுத்த சொல் தமிழ். வெட்டிவிட்டு இறங்கும் இடம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா என்றால் விடமாட்டார், திரும்பத் திரும்ப அடிப்பார். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்களே, அதற்குப் பிறகு அம்மாவுக்கே நான் சொல்லிவைத்தேன், பஸ்ஸில் போகும் நேரம் எடுக்க வேண்டாம் என்று. இதைத் தெரிந்தவனுக்கு, வாயைத் திறக்காதே என்று சொல்லப்பட்ட ஒரு குடும்பத்தைத் திரையில் பார்க்கும்போது உச்சரிப்புப் பிழை இரண்டாவது விஷயமாகிவிடுகிறது. எல்லோரையும் நல்லவர்களாக்கி முடித்துவிட்ட படம்தான், அந்த அளவு சர்க்கரை எனக்கும் ஆகாது. பின் வரிசை அன்ரி படம் முடிந்ததும் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எண்டாலும் நல்ல படம்" என்றார். நானும் அந்த "எண்டாலும்" கட்சி.

ஒன்றில் மட்டும் உங்களோடு உடன்படுகிறேன். சென்னைப் படத்தில் நம் பெயர் வந்தாலே நாம் விசிலடிக்கிறோம். யாழ்ப்பாணம் என்று ஒருவர் சொன்னால் போதும், படத்துக்குப் பத்து மார்க் கூட. அந்தப் பலவீனம் எனக்கும் உண்டு.

'கொட்டுக்காளி'யில் வாக்குவாதமே இல்லை, நீங்கள் சொன்னது சரி. நான் வீட்டில்தான் பார்த்தேன். படம் ஓடிப் பத்து நிமிடம் இருக்கும், மனைவி வந்து ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினாள். பின்னணி இசையே இல்லாத படம் என்று சொன்னேன், நம்பவில்லை, வயரைப் பிடுங்கி மறுபடி மாட்டிப் பார்த்தாள். அப்புறம் அவளும் உட்கார்ந்தாள். தொண்டையில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு கரகரக்கும் சூரியும், வாயே திறக்காத அன்னா பென்னும் போகிற வழியில் ஒரு மாடு குறுக்கே நிற்கும். ஆம்பிளைகள் ஒருத்தராலும் நகர்த்த முடியாது. ஒரு சின்னப் பெண் வந்து பிடித்துக்கொண்டு போவாள். "இந்த ஆம்பிளைகளுக்கு மாட்டிட்ட ஏலாது, பொம்பிளைப் பிள்ளையிட்டதான் ஏலும்" என்றாள் மனைவி. அதைவிட நல்ல விமர்சனம் எங்கும் நான் வாசிக்கவில்லை. அதே வருடம்தான் 'கங்குவா'வுக்குத் தியேட்டர்களில் சத்தத்தை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தயாரிப்பாளர் கேட்டுக்கொண்டார். அங்கே குறைக்கச் சொல்கிறார்கள், எங்கள் வீட்டில் கூட்டுகிறார்கள்.

ஆனால் அதை அண்டர்ரேட்டட் என்பீர்களா? பெர்லின் திரைப்பட விழா வரை போய் வந்த படம், பார்த்தவர்கள் மதித்தார்கள். பார்க்கத்தான் ஆளில்லை. 'வாழை'யும் அதே நாளில், 2024 ஓகஸ்ட் 23இல் வந்தது. ஒரு டிக்கெட்டுக்குக் காசு உள்ளவன் எதற்குப் போவான்?

என்னுடையதும் ஒன்று சொல்ல வேண்டும் என்றால், எல்லோரும் கொண்டாடிய 'மகாராஜா' எனக்கு ஒட்டவில்லை. குப்பைத்தொட்டி லட்சுமியைத் தேடிக்கொண்டு விஜய் சேதுபதி பொலிஸ் நிலையம் போகும்வரை அருமை. ஒரு பிள்ளைக்கு நடந்த கொடுமையை முடிச்சாக ஒளித்து வைத்துக் கடைசியில் அவிழ்த்துக் காட்டியதுதான் எனக்கு ஆகவில்லை. அதற்கு முந்தைய வருடம் வந்த 'சித்தா' அதே வகைக் கொடுமையை எடுத்துக்கொண்டு, சந்தேகம் சித்தப்பன் மேலேயே திரும்புகிற அந்த நடுப்பகுதியில் நம் வீட்டு ஆம்பிளைகளையே கொஞ்ச நேரம் திரும்பிப் பார்க்க வைத்தது. 'மகாராஜா' சீனா வரைக்கும் போனது. போகட்டும்.

உங்கள் ஆறு பேரின் பட்டியல் முழுக்கச் சென்னையில் போட்டது என்பதைக் கவனித்தீர்களா? பொன்னியின் செல்வனுக்காக எத்தனை வெள்ளிக்கிழமை சண்டை போட்டிருப்பீர்கள். அதே மணிரத்னத்தின் நிறுவனம் வழங்கிய, நம்மூர்ப் பிரசன்ன விதானகே எடுத்த 'பரடைஸ்' 2023இல் தென் கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருது வாங்கியது. நாம் வரிசையில் நின்ற அதே 2022தான் கதை. இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்த தம்பதியின் பொருட்கள் களவு போகும், பொலிஸ் பிடிப்பது தோட்டத் தொழிலாளர்களை, தமிழர்களை. 2025 தொடக்கத்தில் அசோக ஹந்தகமவின் 'ராணி'க்குக் கொழும்பில் கூட்டம் நெரிந்தது. 1990இல் பத்திரிகையாளரான மகன் ரிச்சர்ட் டி சொய்சாவைக் கடத்திக் கொன்றபோது நியாயம் கேட்டு நின்ற மனோராணி சரவணமுத்துவின் கதை அது. டொக்டர், தமிழ்ப் பெண், இதே ஊரில் வாழ்ந்தவர். சுவர்ணா மல்லவாராச்சி நடித்தார். அந்தப் படத்தையும் ஓவர்ரேட்டட் என்று சிங்கள நண்பர்கள் சண்டை பிடித்தார்கள், உண்மைக்கு எவ்வளவு கிட்ட என்று கேட்டார்கள். அந்தச் சண்டையில் நாம் மேசைக்குப் பக்கத்திலும் இல்லை. இன்னும் பின்னால் போனால், தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் தமிழில் எடுத்த 'பொன்மணி', 1977. சாதியையும் சீதனத்தையும் நேரே பார்த்த படம், வந்தபோது ஓடவில்லை. நான் அதைப் பார்த்தது வெகு காலம் கழித்து, ஒரு சின்ன மண்டபத்தில், பிளாஸ்டிக் கதிரையில், கீறல் விழுந்த பிரதியாக. பக்கத்தில் இருந்த பெரியவர், வந்த புதிதில் பாதியில் எழும்பிப் போனதாகச் சொன்னார். "அப்ப பாட்டு நல்லாயில்லை எண்டு நினைச்சம்" என்றார்.

அப்ப பந்தயம். கொட்டுக்காளி உங்களுக்கு. மற்ற இரண்டும் இல்லை. அன்ரியின் "எண்டாலும்" கணக்கில் அரைப் புள்ளி கேட்டு மறுபடி எழுதுவீர்கள் என்று தெரியும், தர மாட்டேன். அடுத்த வெள்ளி கொத்து உங்கள் செலவு. கேள்வி கேட்ட நண்பருக்குக் கோழிக் கொத்தே சொல்லுங்கள், முட்டைக் கொத்தோடு சமாளிக்கப் பார்க்க வேண்டாம்.

அன்புடன்,
அண்ணா