ஆஸ்லோவுக்கு வருகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில் பத்தொன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். வருகிறவர்களை அழைத்துப்போய் ஊரைக் காட்டுவது எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை. வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: விமான நிலையத்திலிருந்து டாக்சியில் வந்துவிடலாமா?

வேண்டாம். கார்டர்மூன் விமான நிலையத்திலேயே ரயில் ஏறலாம். ஃப்ளீடோகெட் என்ற விரைவு ரயில் சுமார் 20 நிமிடத்தில் நகரை அடைந்துவிடும். அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலுக்கு நான்கைந்து நிமிடம்தான் கூடுதல். கட்டணமோ ஏறத்தாழப் பாதி. நகருக்குள் வந்ததும் ரூட்டர் என்ற நகரப் போக்குவரத்துச் செயலியில் 24 மணி நேர டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். பஸ், டிராம், சுரங்க ரயில், தீவுப் படகு எல்லாவற்றுக்கும் அது செல்லும்.

கேள்வி: அக்கா, எங்களுக்கு ஒரே ஒரு பகல்தான் இருக்கிறது. எதை விடவே கூடாது?

ஃபிராம் கப்பலை, தம்பி. 30ஆம் எண் பஸ்ஸில் பிக்டோய் தீபகற்பத்தில் உள்ள ஃபிராம் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அந்தக் காலத்தில் துருவக் கடலில் சிக்கிய கப்பலை உறைபனி நெருக்கி நொறுக்கிவிடும். அதனால் கோலின் ஆர்ச்சர் இதன் அடிப்பாகத்தைத் தேங்காய் மூடிபோல உருண்டையாகக் கட்டினார். பனி நெருக்க நெருக்கக் கப்பல் வழுக்கிக்கொண்டு மேலே எழும்பிவிடும். 1893இல் துருவ ஆய்வாளர் நான்சென் வேண்டுமென்றே இதைப் பனியில் சிக்கவைத்து, அதன் போக்கில் மிதக்கவிட்டார். 1896இல் 13 பேரும் உயிரோடு ஊர் திரும்பினார்கள். 1911 டிசம்பர் 14 அன்று தென் துருவத்தை எட்டிய அமுண்ட்சென் அண்டார்டிகாவுக்குப் போனதும் இதே கப்பலில்தான்.

தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை. மேல்தளத்தில் நடக்கலாம், தலையைக் குனிந்து உள்ளே இறங்கலாம். நடுவில் உணவறை, அதைச் சுற்றிச் சின்னஞ்சிறு படுக்கையறைகள். அங்கே ஐந்து நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள். எத்தனை முறை போனாலும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

பக்கத்திலேயே கோன்-டிக்கி இருக்கிறது. ஹெயர்டால் 1947இல் பால்சா மரத்தெப்பத்தில் பசிபிக் கடலில் 101 நாள் பயணம் செய்தாரே, அந்தத் தெப்பம். வைக்கிங் கப்பல்களின் அருங்காட்சியகத்தை விரிவாக்கத்துக்காக மூடினார்கள். திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: முங்க் வரைந்த ‘அலறல்’ ஓவியம் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

எல்லோரும் சொல்வது சரிதான். அவர் அதைப் பலமுறை வரைந்தார். புகழ்பெற்ற 1893ஆம் ஆண்டு வண்ண ஓவியம் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடற்கரையோரம் உயர்ந்து நிற்கும் முங்க் அருங்காட்சியகத்தில் வேறு வடிவங்கள் உள்ளன. வெளிச்சம் பட்டு நிறம் மங்காமல் இருக்க அவற்றை முறைவைத்துக் காட்டுகிறார்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் தேசிய அருங்காட்சியகத்தையே சொல்வேன். அந்த ஓவியத்தின் இடது மேல் மூலையில் பென்சிலால் மெல்லியதாக ஒரு வரி தெரியும்: பைத்தியக்காரன்தான் இப்படி வரைந்திருக்க முடியும் என்று. யாரோ கிறுக்கிவிட்டுப் போனது என்று பலர் நினைத்தார்கள். அது முங்க்கின் கையெழுத்தேதான் என்று 2021இல் உறுதிசெய்தார்கள்.

கேள்வி: சைவம் சாப்பிடும் அம்மாவோடு வருகிறேன். உணவு விலையை நினைத்தால் பயமாக இருக்கிறது.

விலை அதிகம்தான், மறைக்க மாட்டேன். உணவகத்தில் சாப்பிடுவதை மதியத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்; இரவு விலை இன்னும் ஏறும். குரோன்லாண்ட் பகுதியில் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் நடத்தும் கடைகளில் சைவமும் கிடைக்கும், விலையும் தாங்கும். குடிநீர் வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீரே அருமையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரிய மளிகைக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

அம்மாவுக்குப் பழுப்புச் சீஸ் வாங்கிக் கொடுங்கள். பாலாடைக்கட்டி செய்தபின் மிஞ்சும் தெளிநீரைப் பாலும் பாலேடும் சேர்த்து, நிறம் மாறும்வரை காய்ச்சி இறுக்குவார்கள். சீவுளியால் மெல்லிய ஏடாகச் சீவி ரொட்டியில் வைத்து வாயில் போட்டால், லேசாக உப்பிட்ட திரட்டுப்பால் போலவே இருக்கும். இதய வடிவ வாஃபிளோடும் தருவார்கள். வாஃபிள் மாவில் முட்டை உண்டு.

கேள்வி: அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு?

இலையுதிர் காலத்தில் வந்தால் ஃபோரிகோல். ஆட்டிறைச்சியும் முட்டைகோசும் அடுக்கடுக்காக வைத்து, முழு மிளகு போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பது. வேறு மசாலா எதுவும் கிடையாது. முதல் வாயில் சப்பென்று தோன்றும், பொறுங்கள். குழம்பில் மிளகு இறங்கியிருப்பது அடுத்த வாயில் தெரியும். கோடையில் வேகவைத்த இறால் வாங்கி நீங்களே உரித்து, வெள்ளை ரொட்டி, எலுமிச்சை, மயோனைசோடு சாப்பிடுங்கள்.

கேள்வி: டிசம்பரில் வந்தால் துருவ ஒளி தெரியுமா?

அதை நம்பி ஆஸ்லோவுக்கு வராதீர்கள். இங்கே அபூர்வம், அதற்கு வடக்கே துரோம்சோவுக்குப் போக வேண்டும். டிசம்பரில் இங்கே பகல் வெளிச்சமே ஆறு மணி நேரம்தான்.

கேள்வி: இரண்டு குழந்தைகளோடு வருகிறோம். அருங்காட்சியகம் என்றாலே ஓடுகிறார்கள்.

ஓடட்டும், அதற்கு ஏற்ற ஊர் இது. ஃபிரோக்னர் பூங்காவில் சிற்பி விகெலாண்டின் 200க்கு மேற்பட்ட சிலைகள் உள்ளன, கட்டணம் இல்லை. காலை உதைத்து அழும் குட்டிப் பையன் சிலையைத் தேடச் சொல்லுங்கள். போகிறவர்கள் எல்லாம் பிடித்துப் பிடித்து அவன் இடது கை மட்டும் பளபளவென்று மின்னும். கோடையென்றால் நகர மன்றத்துக்கு எதிரே படகு ஏறி, சில நிமிடத்தில் ஹூவெட் தீவில் இறங்குங்கள். 1147இல் தொடங்கிய கிறித்தவத் துறவியர் மடத்தின் இடிபாடுகளில் ஒளிந்து விளையாடிவிட்டுக் கடலில் கால் நனைக்கலாம். பனிக்காலமென்றால் 1ஆம் எண் சுரங்க ரயிலில் ஃபிரோக்னர்சேத்தர் வரை மேலே போய், வாடகைக்குச் சறுக்குவண்டி எடுத்து, காட்டுப்பாதையில் இரண்டு கிலோமீட்டர் சறுக்கி வாருங்கள். கீழே மிட்ஸ்டூவன் நிலையத்தில் அதே ரயில் வரும். வண்டியையும் தூக்கிக்கொண்டு ஏறி மறுபடி மேலே போகலாம். தலைக்கவசமும் கேட்டு வாங்குங்கள், இரண்டு ஜோடிக் கையுறை எடுத்து வாருங்கள். முதல் ஜோடி முதல் சறுக்கிலேயே நனைந்துவிடும்.