தாடை வலிக்கு பிசியோதெரபியா?

கேள்வி: குரோம்பேட்டையில் இருக்கிறேன், வயது 34. ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. மூன்று மாதமாக இடது காதுக்கு முன்னால் தாடையில் வலி. வாயைத் திறந்தால் ‘டக்’ என்று சத்தம். பல் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, பல்லில் கோளாறு இல்லை, பிசியோதெரபிக்குப் போங்கள் என்கிறார். அது முட்டிக்கும் முதுகுக்கும்தானே? தாடைக்கு என்ன செய்வார்கள்? எத்தனை நாள் ஆகும்?

பதில்: தாடையிலும் மூட்டு இருக்கிறது. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள், அசைவது தெரியும். அங்கே இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு சின்ன வட்டு உண்டு. சற்று விலகியிருக்கும் அந்த வட்டு, வாய் திறக்கும்போது திரும்ப இடத்தில் வந்து உட்காரும். பெரும்பாலும் அதுதான் நீங்கள் கேட்கும் ‘டக்’. வலியில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம். உங்களுக்கு வலி இருக்கிறது, அதனால் போகலாம். ஆனால் வலி போன பிறகும் சத்தம் தங்கிவிடலாம். அதை விரட்டுகிறேன் என்று சிட்டிங் மேல் சிட்டிங் போய்ப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

முதல் நாள் பேச்சுதான் அதிகம் இருக்கும். எந்தப் பக்கம் மெல்லுகிறீர்கள், வலி காலையிலா சாயங்காலமா, தூக்கத்தில் பல்லை நறநறப்பதாக வீட்டில் சொல்கிறார்களா என்றெல்லாம் கேட்பார்கள். அப்புறம் ஸ்கேல் வைத்து வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளப்பார்கள். சுமார் 40 மி.மீ. திறந்தால் சரி. வீட்டில் பார்க்க, நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள்.

கழுத்தையும் அழுத்திப் பார்ப்பார்கள். “வலி தாடையில, கழுத்தை ஏன் பிடிக்கறீங்க?” என்று கேட்காத ஆளே கிடையாது. மேல்கழுத்து நரம்புகளும் முகத்து நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால் கழுத்து இறுக்கம் முகத்தில் வலியாகத் தெரியலாம். நாள் முழுக்க லேப்டாப் முன் தலையை நீட்டி உட்காருபவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

சிகிச்சையில் உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது, கிளவுஸ் போட்ட விரலை வாய்க்குள் விட்டு கன்னத்துத் தசையை உள்ளிருந்தே நீவிவிடுவது. கொஞ்சம் வலிக்கும். பேச முடியாது என்பதால், கையைத் தூக்கினால் நிறுத்திவிட வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அல்ட்ராசவுண்ட், லேசர் மெஷின்கள் இதமாக இருக்கலாம். ஆனால் பயிற்சி எதுவும் சொல்லித் தராமல் மெஷினை மட்டும் வைத்து அனுப்பும் இடத்தை மாற்றிவிடுங்கள்.

ஏனென்றால் பாதி வேலை உங்களுடையது. ‘கன்னம்’ என்று சொல்லி ‘ன்’னில் நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் ஒட்டியிருக்கிறதா? ‘பந்து’வில் வரும் ‘ந்’ வேண்டாம், அது பல்லைத் தொடும். நாக்கு அங்கே, உதடு மூடி, பல்லோடு பல் படாமல். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மற்ற நேரமெல்லாம் இப்படித்தான் இருக்க வேண்டும். கோட் எழுதும்போதும், வேளச்சேரி சிக்னலில் நிற்கும்போதும் கவனியுங்கள், பற்களைக் கடித்துக்கொண்டிருப்பீர்கள். நாக்கை அதே இடத்தில் வைத்தபடி, கண்ணாடி முன் தாடை கோணாமல் மெதுவாகத் திறந்து மூடுவதுதான் முதல் பயிற்சி. கொட்டாவியும் அப்படியே விடப் பழகுங்கள்.

பொதுவாக வாரம் ஒன்றிரண்டு முறை, ஆறு வாரம் போல. அதற்குள் எந்த மாற்றமும் இல்லையென்றால் வாய், முகத் தாடை நிபுணரைப் பாருங்கள். பிராட்வே பக்கம் இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம்.

பாக்கு, மாவா பழக்கம் உள்ளவருக்கு வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, காரம் பட்டால் எரிந்தால், அது வேறு நோய். புற்றுநோயாக மாறக்கூடியது, முதலில் டாக்டரிடம்தான் போக வேண்டும். திறந்த வாய் மூடாமல் மாட்டிக்கொண்டாலோ, தாடை வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தாலோ நேராக எமர்ஜென்சி.

சாப்பாட்டில் இட்லி, பொங்கல், குழைந்த சாதம் என்று இரண்டு மூன்று வாரம் ஓட்டுங்கள். கொய்யாவை நறுக்கிச் சாப்பிடுங்கள், சூயிங்கம் வேண்டவே வேண்டாம். முறுக்கு? மூன்று விரல் வலிக்காமல் நுழையும் நாளில், காபியில் நனைத்து ஒன்று.